மலையாளமும் ஆர்மீனியமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மொழிநூல் வல்லுநர் அல்லேம். மெட்ரிகுலேஷன் தேறி, இருப்புப்பாதைச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தேம். ஆயினும் அவ்வேலை ஒரு பழக்கத்தை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஒரு வேகனில் ஏறியிருக்கும் சரக்கு யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்த வேகன் எந்த இரயில்வேக்குச் சொந்தம் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கினால் கணக்கு நிற்காது. மொழியிலும் அப்படியே என்பதைச் சொல்லவே இன்று வந்துள்ளோம்.

ஏன் இந்தப் பேச்சு என்பது இங்குள்ளோர் பலர்க்கும் தெரியும். சென்ற ஆண்டு இதே மேடையில் அன்பர் ஒருவர், ஆர்மீனிய மொழியில் இரண்டுக்கு 'யெர்கு' என்று பெயர் என்றும், ஆகவே ஆர்மீனியமும் தமிழில் பிறந்ததே என்றும் முழங்கினார். அதனோடு நில்லாமல், மலையாளம் தமிழ் பெற்று வழி தவறிப் போன பெண் என்றும் கூறினார். கைதட்டல் பலமாகவே இருந்தது. ஆனால் நம் எதிர்வரிசைக் குடியிருப்பில் வாழும் மலையாளக் குடும்பங்கள் அதன்பின் பொங்கலுக்கு வரவில்லை. ஓணத்துக்கு நம்மை அழைக்கவும் இல்லை. இருபது ஆண்டு நட்பு ஒரு சொல்லால் முறிவதைப் பார்த்துக்கொண்டிருக்க நமக்கு மனமில்லை.

முதலில் 'யெர்கு'வை எடுத்துக்கொள்வோம். செவிக்கு இரண்டு போலவும், மலையாளத்து 'ரண்டு' போலவும் தோன்றுகிறது. ஆனால் அது வடமொழி 'த்வி'யின் உறவு. மிகப் பழங்காலத்துத் 'த்வ்' என்ற ஒலி ஆர்மீனியத்தில் 'எர்க்' என முறையாகத் திரிந்தது என்று பிரெஞ்சு அறிஞர் மெய்யே காட்டினார். நீண்டது என்னும் பொருளுடைய 'எர்கார்' என்ற சொல்லும் அவ்வாறு பிறந்ததே. அதுபோல் பழைய பகரம் அங்கே ஹகரமாயிற்று. வடமொழிப் 'பித்ரு' அங்கே 'ஹய்ர்'. 'பஞ்ச' அங்கே 'ஹிங்'. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆனதும், பத்து ஹத்து ஆனதும் காலனியில் யாவரும் அறிந்ததே. அதுபோன்ற திரிபு இது. சொற்கள் ஒத்தொலிப்பதால் உறவு வருவதில்லை. திரிபு ஒழுங்காக நிகழ்ந்திருந்தால்தான் உறவு.

இனி நாம் மிகவும் வியந்த செய்தி. ஆர்மீனியத்தில் பாரசீகச் சொற்கள் மலிந்திருந்தமையால் அதனை ஈரானிய மொழிகளுள் ஒன்றென்றே பலர் கருதினர். 1875இல் ஹூப்ஷ்மான் என்னும் ஜெர்மானியர், வந்தேறிய சொற்களை ஒருபுறமும் பிறந்த சொற்களை ஒருபுறமும் பிரித்து வைத்து, அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக்கிளை என நிறுவினார். மலையாளத்துக்கும் இக்கதையே. வடசொல் மிகுந்திருப்பதைக் கண்டு அதனை வடமொழியின் வழித்தோன்றல் என்று மயங்கினோர் உண்டு. சரக்கைக் கண்டு வேகனுக்கு உரிமை எழுதியவர்கள் அவர்கள். 1816இல் சென்னையில் எல்லிஸும், 1856இல் கால்டுவெல்லும் தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எழுதி வைத்தனர். மலையாளிகள் எழுத்தில் 'பிதாவு' என்பர். அது வடமொழியிலிருந்து இரவல் வந்தது. வீட்டில் 'அச்சன்' என்பர், அது சொந்தம். ஆர்மீனியரின் 'ஹய்ர்' இரவல் அன்று, பிறப்பிலே வந்தது. ஆக ஒரே வேரிலிருந்து வந்த சொல் ஒரு வீட்டில் பிள்ளை, மற்றொரு வீட்டில் விருந்தாளி!

இலக்கணத்திலோ வேடிக்கைகள் பல. நாம் போனேன், போனாய், போனான் என்கிறோம். மலையாளத்தில் ஞான் போயி, நீ போயி, அவன் போயி; வினைமுற்றில் ஆள் தெரிவதில்லை. ஆர்மீனியத்தில் க்னத்ஸி, க்னத்ஸிர், க்னத்ஸ் என மூவர்க்கும் மூன்று முடிபு. இதில் நமக்கு அண்டை வீட்டு மொழியினும் அயல்நாட்டு மொழியே நெருக்கமாகத் தோன்றுகிறது. சுட்டிலும் அவ்வாறே. பண்டைத் தமிழில் இவன், உவன், அவன் என மூன்று சுட்டு இருந்தன. இன்றும் யாழ்ப்பாணத்தார் நாவில் உகரச் சுட்டு வாழ்கிறது. மலையாளத்தில் ஈ, ஆ என இரண்டே. ஆர்மீனியரோ அய்ஸ், அய்ட், அய்ன் என என் அருகிலுள்ளது, உன் அருகிலுள்ளது, அப்பாலுள்ளது என்று மூன்றாகவே பகுக்கின்றனர். மரத்தைத் 'த்ஸார்' என்பர், மரங்கள் 'த்ஸாரேர்', மரங்களிலிருந்து 'த்ஸாரேரித்ஸ்'. பன்மை முன்னே, வேற்றுமை பின்னே, நம்மைப் போலவே. ஆனால் அவன், அவள், அது மூன்றுக்கும் அவர்களிடம் 'நா' என்ற ஒரே சொல்தான். திணையும் பாலும் படித்து வளர்ந்த நமக்கு இது பெருங்குழப்பமே.

இத்தனை ஒற்றுமை கண்டும் ஆர்மீனியம் நமக்கு உறவன்று. இத்தனை வேற்றுமை கண்டும் மலையாளம் உடன்பிறப்பே. வந்தான் என்பது அங்கே 'வன்னு' ஆகிறது. தேங்காய் 'தேங்ங' ஆகிறது. இவை ஒழுங்கான திரிபுகள். சேர நாட்டுக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் 9ஆம் நூற்றாண்டு முதல் இத்தனிப்போக்கு தெரிகிறது. நம் தமிழும் அன்றிருந்தபடியே இன்று இல்லை; அதுவும் நடந்து வந்திருக்கிறது. ஒரு பழைய நிலையிலிருந்து இருவரும் இருவழி நடந்தோம் என்றால், அதில் வழி தவறியவர் எவர்? மலையாள அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பதிற்றுப்பத்து சேர மன்னரைப் பாடியது. அது தமிழர்க்கே உரியது என ஒதுக்காதீர்கள். உங்கள் பாட்டனார் சொத்தும் அதுவே.

எழுத்தைப் பற்றிச் சிறிது. மலையாள எழுத்து கிரந்தத்திலிருந்து வளர்ந்தது. முன்பு வட்டெழுத்தும் வழங்கியது. ஆர்மீனிய எழுத்தை மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவி கி.பி. 405ஐ ஒட்டி வகுத்தார். எழுத்துகள் 36. அவற்றையே எண்களாகவும் வழங்கினர்: முதல் ஒன்பது 1 முதல் 9 வரை, அடுத்த ஒன்பது 10 முதல் 90 வரை, அதன்பின் நூறுகள், முடிவில் ஆயிரங்கள். கணக்கெழுதும் நமக்கு இது தேனாக இனிக்கிறது! மலையாளத்திலும் தமிழைப்போல் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள் இருந்தன. இன்று இரு வீட்டிலும் அவற்றை எழுதுவோர் அரியர்.

ஆர்மீனியர் நமக்குத் தொலைவானவரும் அல்லர். சென்னையில் அவர்கள் பெயரால் ஒரு தெருவும் 1772இல் கட்டிய கோயிலும் உள்ளன. கல்கத்தாவில் 1724இல் கட்டிய அவர்கள் கோயிலை நம்மில் பலர் கண்டிருப்பர். உலகில் ஆர்மீனிய மொழியின் முதல் இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது எங்கே? சென்னையில்! ஷ்மவோனியன் என்னும் பாதிரியார், விரல்விட்டு எண்ணத்தக்க வாசகரை நம்பி அதனை அச்சிட்டார். 1915 முதல் உதுமானியப் பேரரசில் நிகழ்ந்த படுகொலையில் அம்மக்கள் சிதறினர். சிதறியோர் பேசும் மேலை ஆர்மீனியம் அழியும் நிலையிலுள்ளது என்று யுனெஸ்கோ 2010இல் குறித்தது.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இன்று பதினொரு பிள்ளைகள். வருகை குறைவு, மூடிவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு தீர்மானம் காத்திருக்கிறது. அதற்கு மாறாக நாம் ஒரு திருத்தம் கொடுத்துள்ளோம். வகுப்பு மாலை 4 மணிக்கே தொடரட்டும். 5 மணிக்கு அதே அறையில் மலையாள எழுத்தைக் கற்பிக்க எதிர்வரிசைச் சேச்சி ஒருவர் இசைந்திருக்கிறார். இரண்டுக்கும் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்க விரும்புவோர், விருந்து முடிந்ததும் வாயிலருகே நம்மிடம் எழுதிவைக்கலாம். நோட்டுப் புத்தகம் கையிலேயே இருக்கிறது.