லைசென்ஸ் வேண்டாம், சரி. சுடலாமா?



பழவேற்காட்டில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் கருவாடு காயப் போட்டால் காக்கை விடாது. மருமகன் ஏர் கன் வாங்கி வந்துவிட்டான். "லைசென்ஸே வேண்டாம் மாமா" என்றான். பேங்கில் விதிமுறை படித்தே காலம் தள்ளியவன் நான். இதையும் உட்கார்ந்து படித்தேன்.

அவன் சொன்னது பாதி சரி. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்தையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வைத்துக்கொள்வது வேறு, சுடுவது வேறு. ஏரி பறவைகள் சரணாலயம். பூநாரை வந்து இறங்கும் இடம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு சிறை. காக்கையைச் சுட இடம் கொடுத்த 'தொல்லை உயிரினம்' பட்டியலே 2022 திருத்தத்தில் போய்விட்டது.

குறி தப்பினால்? வேலிக்கு அந்தப்பக்கம் பெண்கள் உட்கார்ந்து இறால் உரிக்கிறார்கள். ஒரு குண்டு போதும், கண் போய்விடும். அடிபடாவிட்டாலும், அஜாக்கிரதையாகப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை உண்டு.

மருமகன் இப்போது கருவாட்டுக்கு மேல் பழைய வலையைக் கட்டியிருக்கிறான். அந்த ஊரில் வலைக்கா பஞ்சம்?

நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் பெல்லட் பட்ட தடம் இரண்டு பார்த்தேன். யாரென்று கேட்கப்போவதில்லை. புறாத் தொல்லை என்றால் கமிட்டியிடம் எழுதிக் கொடுங்கள், வலை அடிக்கலாம்.