கொள்ளளவும் இருப்பும்



புத்தளத்துக்கு வடக்கே, காலா ஓயாவுக்கு இப்பால் உள்ளது வண்ணாத்திவில்லு. வில்லு என்பது மழைநீர் தங்கும் இயற்கைத் தாழ்நிலம். ஆற்றுக்கு அப்பாலுள்ள வில்பத்துக் காட்டிலும் இத்தகைய வில்லுகள் பல உண்டு. நீர்நிலைகளோடு வாழ்ந்து பழகிய உழவரிடம், "இந்தக் குளத்தில் எவ்வளவு நீர் உண்டு?" என்று கேட்டுப் பாருங்கள். "குளம் கொள்ளும் நீரையா, துருசு வழியே பாயும் நீரையா கேட்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். துருசின் மட்டத்துக்குக் கீழே தேங்கிய நீர் குளத்தில் இருந்தும் வயலுக்கு வாராது அன்றோ!

வீட்டில் நாம் வைத்திருக்கும் கோப்புச் சேவையகத்திடமும் இந்த வினாவையே கேட்டல் வேண்டும். கேளாமையால் நான் பேரிழப்பொன்றின் விளிம்புவரை சென்று மீண்டேன்.

குடும்பத்தாரின் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஓரிடத்தில் காக்கும் சிறு பெட்டி அது. அதனுள் 4 டெராபைட்டு வன்தட்டுகள் இரண்டு இருந்தன. மொத்தம் 8 இருக்கும் என எண்ணினேன். திரையிலோ 3.6 என்றே தோன்றியது. வணிகர் ஏமாற்றிவிட்டார் என்று சினந்தேன். ஒருவரும் ஏமாற்றவில்லை.

முதற் காரணம், ஒரு தட்டில் எழுதுவதை மற்றத் தட்டிலும் எழுதிவைக்கும் இரட்டைப் பதிவு முறை. ஒன்று பழுதுற்றாலும் மற்றது காக்கும். பல தட்டுகளை இவ்வாறு இணைக்கும் முறைகளைப் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர் 1988ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தி விளக்கினர். பாதுகாப்புக்கு நாம் செலுத்தும் விலை பாதி இடம்.

இரண்டாவது காரணம் அளவுகோல். தலைதட்டிய கொத்தும் குவித்த கொத்தும் ஒன்றல்ல. தட்டுச் செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி, ஓர் இலட்சம் கோடி பைட்டுகளை ஒரு டெராபைட்டு என்பர். கணினி நிரல்கள் பலவோ 1024ஆல் பெருக்குகின்றன. அக்கணக்கில் 4 என்பது ஏறத்தாழ 3.64 ஆகும். இப்பெரிய அளவுக்கு டெபிபைட்டு என 1998ஆம் ஆண்டிலேயே தனிப்பெயர் இடப்பட்டும், பல திரைகள் இன்னும் பழைய பெயரையே காட்டுகின்றன. சேவையகம் தன் சொந்தக் குறிப்புகளுக்கென எடுத்துக்கொள்வது எஞ்சிய சிறு குறை.

இனித்தான் ஆபத்து வருகிறது. இடம் நிறைந்துவிட்டதென அறிவிப்பு வந்தது. பழைய திருமணக் காட்சிப் பதிவுகள் சிலவற்றை அழித்தேன். எஞ்சிய இடம் அணுவளவும் கூடவில்லை. மேலும் அழித்தேன், பயனில்லை. இறுதியில், காலஞ்சென்ற என் தாயாரின் குரற்பதிவுகள் இருந்த கோப்புறையை அழிக்கக் கை நீட்டினேன். ஏனோ விரல் தயங்கிற்று.

நண்பர் ஒருவர் வந்து பார்த்து உண்மையை விளக்கினார். அந்தச் சேவையகம் நாள்தோறும் கோப்புகளின் நிலையைப் பதிந்துகொள்கிறது. அதனை ஸ்நாப்ஷொட் என்பர். நாம் ஒரு கோப்பை அழித்தாலும், முந்திய நிலைப்பதிவு அதனைப் பற்றிக்கொண்டிருக்கும்வரை அதன் இடம் விடுபடாது. எங்கள் கண்ணுக்கு மறைந்த கோப்பு, துருசுக்குக் கீழே நின்ற நீர்போல உள்ளேயே இருந்தது. அதனால், அழித்த திருமணப் பதிவுகளையும் மீட்டுக்கொண்டோம்!

ஆகவே நேயர்களே, திரையில் ஓர் எண்ணைக் கண்டதும் கோப்புகளை அழிக்க விரையாதீர்கள். இது தட்டுகளின் மொத்தமா, இரட்டைப் பதிவு போக எஞ்சியதா, எந்த அளவுகோலில் சொன்னது, நிலைப்பதிவுகள் எவ்வளவு பிடித்துள்ளன என்று கேளுங்கள். மற்றொன்றும் மறவாதீர்கள்: இரட்டைப் பதிவு தட்டின் பழுதிலிருந்து காக்குமேயன்றி, நம் கையின் பிழையிலிருந்து காவாது. ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழியும். நிலைப்பதிவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. வெள்ளமோ இடியோ அப்பெட்டியைத் தாக்கினால் யாவும் ஒருங்கே போகும்.

என் தாயாரின் குரல் இப்போது உறவினர் ஒருவரின் வீட்டிலும் ஒரு தனித் தட்டில் இருக்கிறது. அது பிடிக்கும் இடம் மிகச் சிறிது.