கூரையில் கதிரவன்; கூடத்தில் இருள்!

(நாட்றாம்பாளையம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அஞ்செட்டியைக் கடந்து, காட்டுப் பாதையில் வளைந்து வளைந்து இங்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வானம் பார்த்த பூமியில் வாழ்கின்றவர்களிடம், தொழிற்சாலை மின்சாரத்தைப் பற்றி இவன் ஏன் பேச வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. விடையளிப்பது என் கடமை. இந்த மலையூர்களின் இளைஞர்கள் பலர், தேன்கனிக்கோட்டை வழியே ஓசூருக்குப் போய்த்தான் கூலி ஈட்டுகிறார்கள். அங்கே பொறி நின்றால், இங்கே உலை கொதிக்குமா? கொதிக்காது, தோழர்களே!

நமக்கு அருகே ஓடுகிறாளே காவிரி, அவளிடமிருந்து ஒரு கதையைக் கேளுங்கள். மேலே, சிவசமுத்திரத்தில், 1902ஆம் ஆண்டில் மைசூர் அரசு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தது. அந்த மின்சாரம் முதலில் எங்கே சென்றது? குடிசைக்கா? கழனிக்கா? இல்லை! 90 கல்லுக்கு மேல் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்திற்குக் கொண்டு சென்றார்கள். பெங்களூரின் தெருவிளக்கு எரிந்ததோ 1905இல்! தங்கத்திற்கு முதல் மரியாதை, மனிதனுக்குப் பிறகு! மின்சாரம், வசதியுள்ளவன் வாசலைத்தான் முதலில் தட்டும் என்பதற்கு அன்றே சான்று கிடைத்தது.

இன்று நிலைமை என்ன? 2012ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்வெட்டு. என் தந்தையார் ஓசூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார். இரும்பைப் பாதி கடைந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போகும், உளியின் முனை உடையும், பொருள் பாழாகும். நள்ளிரவில் மின்சாரம் வரும்; உறங்கிய தொழிலாளியை எழுப்ப ஓடுவார். சொன்ன நாளில் சரக்குத் தர முடியவில்லை. வேலை கொடுத்தவர்கள் விலகினார்கள். பட்டறை மூடப்பட்டது. கட்டணம் கட்ட வழியின்றி நான் கல்லூரியை விட்டு வெளியேறினேன். நாடகம் எழுதக் கற்றுக்கொண்டது பிறகு. துயரம் இன்னதென்று கற்றுக்கொண்டது அன்று!

அதே ஊரில் பெரிய ஆலைகள் ஓடின. எப்படி? டீசல் ஜெனரேட்டரால்! ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் தரும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால், எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 22 ரூபாய்க்கு மேல் ஆகிறது. யானைக்குக் கட்டும் தீனியைப் பூனை போடுமா?

“கவலை எதற்கு? கூரையில் சூரியத் தகடு போடு!” என்கிறார்கள் சிலர். போடலாம்; போடவும் வேண்டும். ஒரு கிலோவாட் தகடு, நம் தமிழகத்தின் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். ஆனால், பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்! பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் மீது, பட்டறையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதல்லவா? அவன் உயிர் காக்க அமைந்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஆயினும் விளைவைப் பாருங்கள்: கூரையில் கதிரவன் காய்கிறான், கூடத்தில் இருள் குடியிருக்கிறது!

குறை எங்கே? சேமிப்பில்! மழை பெய்தால் போதுமா? ஏரி வேண்டாமா? மின்சாரத்திற்கு ஏரி, பேட்டரி. கம்பி செத்தவுடன் வாரியத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, தனியே நின்று மின்சாரம் தரும் கருவியும் பேட்டரியும் இருந்தால், தகடும் உயிர் பெறும். கம்பத்துத் தொழிலாளிக்கும் ஆபத்தில்லை. ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலம் 2016 செப்டம்பரில் முழுவதும் இருளில் மூழ்கியது. மறு ஆண்டே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி நிலையத்தை நிறுவினார்கள். பேட்டரி நாள் முழுதும் ஆலையை ஓட்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 50 கிலோவாட் வேண்டும் பட்டறைக்கு, 100 யூனிட் சேமிப்பு இரண்டு மணி நேரமே வரும். அந்த இரண்டு மணி நேரம்தான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் நேரம்!

விலை? சிறியவன் தனியே தாங்க மாட்டான். தனித்தனியே கிணறு தோண்ட முடியாதவர்கள் கூடி ஏரி வெட்டிய மண் இது. திருப்பூரின் சாயப்பட்டறைக்காரர்கள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கவில்லையா? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் 2005ஆம் ஆண்டு விதிகளும், பலர் கூடிச் சொந்த மின்நிலையம் வைக்க வழி விட்டிருக்கின்றன: உரிமையில் 26 விழுக்காடு, நுகர்வில் 51 விழுக்காடு அவர்களுடையதாக இருக்க வேண்டும். இந்த வழியில் பெரியவர்கள் நடக்கிறார்கள். சிறியவர்களுக்கு நடக்கக் கால் வேண்டும்!

இன்னொன்று! பெரிய ஆலைகள் மட்டும் தமக்கென மின்சாரம் செய்துகொண்டு வாரியத்தை விட்டு விலகினால், அவர்கள் செலுத்தும் உயர்ந்த கட்டணமும் விலகும். உங்கள் வயல் மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தின் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவது அந்தக் கட்டணம். அந்தச் சுமை பிறகு யார் தலையில் இறங்கும்? எண்ணிப் பாருங்கள்!

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு சிட்கோ தொழிற்பேட்டையிலும் பொதுக் கூரைத் தகடுகள், பொதுப் பேட்டரி நிலையம்! அதற்கு அரசு இடம் தரட்டும். குறைந்த வட்டியில் கடன் தரட்டும். பட்டறைக்காரர்கள் கூட்டுறவாய்க் கூடட்டும். வாரியத்தோடு இணைந்தே அது இயங்கட்டும்!

தோழர்களே! ஊருக்குத் திரும்பும் தம்பியிடம் கேளுங்கள்: “மின்சாரம் போனால் உனக்குக் கூலி உண்டா?” அவன் தரும் விடையை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த விடைகளே நம் கோரிக்கை மனு.

1902இல் ஒளி, தங்கத்தைத் தேடிப் போயிற்று. இனி அது, உழைப்பவனைத் தேடி வரட்டும்!