ஒரு குவளை நீரும் யூரரின் தீர்ப்பும்



யூரர் என்றதும் இலங்கையராகிய நமக்குக் கொலை வழக்கே முதலில் நினைவுக்கு வரும். காணித் தகராற்றையோ, கடன் வழக்கையோ யூரர் முன் வைக்கும் வழக்கம் நமக்குப் பழக்கமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ நிலைமை வேறு. 1791ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட ஏழாந் திருத்தம், 20 டொலருக்கு மேற்பட்ட குடியியல் வழக்குகளிலும் யூரர் விசாரணை கோரும் உரிமையைக் காத்து வைத்தது. (அந்த 20 டொலர் என்ற எண் இன்றுவரை மாற்றப்படவில்லை என்பது ஒரு வேடிக்கை.) இத்திருத்தம் மத்திய நீதிமன்றங்களுக்கே உரியதெனினும், மாநிலங்கள் பெரும்பாலும் தத்தம் அமைப்பு விதிகளில் இவ்வுரிமையைத் தந்துள்ளன. ஆகவே, முதியோர் பராமரிப்பு இல்லமொன்றிலே ஒரு மூதாட்டி கவனிப்பாரின்றி இறந்தால், அதற்கு என்ன ஈடு என்பதை ஊரிலுள்ள கடைக்காரரும் ஆசிரியரும் பேருந்துச் சாரதியும் கூடியிருந்து தீர்மானிக்க நேர்கிறது.

இவ்வில்லங்கள் அந்நாட்டிற் பெருகியமைக்கு, 1965இல் முதியோர்க்கும் வறியோர்க்கும் மருத்துவச் செலவை அரசு ஏற்கத் தொடங்கியமை ஒரு முக்கிய காரணம். பணம் வந்தது, பல கம்பனிகளும் வந்தன. கவனிப்பு மட்டும் எங்கும் ஒரே சீராக வரவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டம், இல்லவாசிகளின் உரிமைகளையும் இல்லங்களின் கடமைகளையும் விரித்துரைத்தது. எனினும், கடமை தவறியபின் இறந்தவரின் பிள்ளைகள் நாடிச் சென்ற இடம் பெரும்பாலும் நீதிமன்றமே.

அங்கே அவர்களை ஒரு கொடிய கணக்கு எதிர்கொண்டது. ஒருவர் இறந்தால், அவர் இருந்திருப்பின் எவ்வளவு உழைத்திருப்பார், அவரை நம்பி வாழ்ந்தவர் எத்தனை பேர், இன்னும் எத்தனை ஆண்டு வாழ்ந்திருப்பார் என்று பார்ப்பதே நட்டஈட்டின் பழைய முறை. எண்பத்தேழு வயது மூதாட்டிக்கு இம்மூன்றுக்கும் விடை ஏறக்குறையச் சுழியம். அவ்வாறாயின் முதியவரின் உயிருக்கு விலையே இல்லையா? எஞ்சுவன இரண்டு: அவர் பட்ட வேதனைக்கான ஈடு ஒன்று, தவறிழைத்தவரைத் தண்டிக்கும் பொருட்டு விதிக்கப்படும் தண்டனை நட்டஈடு மற்றொன்று. யூரரின் தீர்ப்புகளிலே நாம் காணும் பெருந்தொகைகள் இவ்விரு வாயில்களாலேயே நுழைகின்றன.

மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரில் நிகழ்ந்த வழக்கொன்றைப் பார்ப்போம். அறிவுத் தளர்ச்சி நோயுற்ற எண்பத்தேழு வயது மூதாட்டி 2009ஆம் ஆண்டில் அங்குள்ள இல்லமொன்றிற் சேர்க்கப்பட்டார். அவர் அங்கிருந்தது 19 நாள் மாத்திரமே. துணையோடு நடமாடக்கூடிய நிலையிற் சென்றவர், உடலில் நீர் வற்றி, எழ முடியாத நிலையில் அவ்விடத்தை விட்டு அகற்றப்பட்டார், விரைவில் இறந்தார். பணியாளர் போதாமையை அறிந்தும் கம்பனி செலவைச் சுருக்கியது என்பது பிள்ளையின் குற்றச்சாட்டு. 2011இல் யூரர், வேதனைக்கும் இழப்புக்குமாக 115 இலட்சம் டொலரும், தண்டனையாக 8 கோடி டொலரும் வழங்குமாறு தீர்த்தனர்.

தொகையைக் கண்டு நாம் வியப்பதற்கு முன்னர், யூரரிடம் விடப்பட்ட நுட்பமான ஒரு வினாவைக் கவனித்தல் வேண்டும். அம்மாநிலத்திலே மருத்துவத் தவறுகளால் விளையும் வேதனைக்கு வழங்கும் ஈட்டுக்குச் சட்டம் ஓர் உச்ச வரம்பு விதித்திருந்தது. இல்லத்தில் நடந்தது மருத்துவத் தவறா, அன்றிச் சாதாரண அசட்டையா? மருத்துவத் தவறாயின் வரம்பு பொருந்தும், அன்றாயின் பொருந்தாது. மருந்தின் அளவைப் பற்றி மருத்துவர் சாட்சியின்றி யாரும் பேசவியலாது. ஆனால் தாகித்தவருக்கு ஒரு குவளை நீர் கொடுப்பதற்கு எந்த மருத்துவக் கல்லூரியிற் பயில வேண்டும்? யூரர் தவறை நூற்றுக்கு 80 பங்கு சாதாரண அசட்டை என்றும், 20 பங்கு மருத்துவத் தவறு என்றும் பிரித்தனர். என் கருத்தில், 8 கோடியிலும் பார்க்க இந்த 80 பங்கே அத்தீர்ப்பின் உயிர்நாடி. நிபுணர்க்கே உரியதென்று கம்பனி வேலியிட்ட இடத்தை, வீட்டிலே வயோதிபத் தாயைப் பார்த்த எவரும் அறிவர் என்று அவர்கள் திறந்து விட்டனர்.

மேன்முறையீட்டில், 2014இல், மாநில உயர் நீதிமன்றம் பொறுப்பை நிலைநிறுத்தித் தண்டனைத் தொகையை ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டிலேயே சட்டமன்றம், இத்தகைய இல்லங்களின் பராமரிப்பையும் மருத்துவப் பொறுப்புச் சட்டத்தினுள் அடங்குமாறு விதிகளைத் திருத்தியது. திறந்த வாயிலைச் சட்டமன்றம் ஒருபுறம் சாத்தியது எனலாம்.

இவ்வாறு குறைத்தல் புதிதன்று. ஆர்க்கன்சோவிலே, உணவும் நீரும் போதாது இறந்த முதியவர் ஒருவரின் வழக்கில் 2001இல் யூரர் தீர்த்த 7 கோடியே 84 இலட்சம் டொலரை, அம்மாநில உயர் நீதிமன்றம் 2003இல் 2 கோடியே 64 இலட்சமாக்கியது. கலிபோர்னியாவில் 2010இல் நடந்த வழக்கோ வேறு வகையானது. ஆங்கே இறந்தவர் எவரென்று கேட்கப்படவில்லை. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.2 மணி நேரத் தாதிப் பராமரிப்பு என்ற சட்டக் கணக்கு 22 இல்லங்களிலே கடைப்பிடிக்கப்பட்டதா என்பதே வினா. யூரர் 67 கோடி டொலருக்கு மேல் விதித்தனர். இறுதியில் சமரசமாகக் கைமாறிய பணம் 5 கோடி; அத்துடன் பணியாளர் தொகையை மேற்பார்வை செய்யவும் இணக்கம் காணப்பட்டது. பத்திரிகையிற் பெரிய எழுத்தில் வரும் தொகை வேறு, குடும்பத்தின் கையிற் சேரும் தொகை வேறு என்பதை நேயர்கள் மனத்திற் கொள்வது நன்று.

யூரர் முன் வராமலே வழக்கைத் திருப்பிவிடும் வழியொன்றும் உண்டு. இல்லத்திற் சேரும் நாளன்று நீட்டப்படும் தாள்களுக்கிடையே, பிணக்கு எழின் நீதிமன்றம் செல்லாது தனி நடுவரிடம் செல்வோம் என்னும் உடன்படிக்கையும் இருக்கும். தாயைப் படுக்கையிற் கிடத்திவிட்டு நிற்கும் மகள் எதனை வாசிப்பாள்? இவ்வுடன்படிக்கைகளை மாநில நீதிமன்றங்கள் இலகுவில் ஒதுக்கலாகாது என்று 2012இலும் 2017இலும் ஐக்கிய நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2016இல் மத்திய அரசு இவற்றைத் தடைசெய்ய முயன்றது. நீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது. 2019இன் விதிப்படி, இல்லத்திற் சேர்வதற்கு இத்தகைய கையெழுத்தை நிபந்தனையாக்கலாகாது. கையெழுத்திட்டவர் 30 நாளுக்குள் அதனை மீளப் பெறவும் செய்யலாம்.