மனோதத்துவப் படிப்பும் அயல்நாட்டு உத்தியோகமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மவருக்குப் பாதி பழையது, பாதி புதியது. அயல்நாடு சென்று பொருளீட்டல் பழையது. மனோதத்துவ சாஸ்திரத்தை, அதாவது இக்காலத்தார் உளவியல் என்று வழங்கும் கல்வியைக் கற்று, அதனையே ஜீவனமாகக் கொண்டு கடல் கடத்தல் புதியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இச்சாஸ்திரத்துக்குத் தனித் துறை ஏற்பட்டது 1943-ம் வருஷத்திலேதான். ஆகையால் இதைப் பற்றிய உலக அனுபவம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இல்லாதிருப்பதில் வியப்பில்லை. அவ்வனுபவம் இல்லாமையால் நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாகாது என்பதே என் கவலை.

நம் முன்னோர் "கொண்டுவிக்கப் போதல்" என்று சொல்லிய பிரயாணத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ ஒரு ஏஜெண்டு புறப்படுமுன், மூன்று வருஷத் தவணைக்குச் சம்பளம் இன்னதென்று பேசி முடிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி முன்னதாகவே கைக்கு வந்தது. சிலருக்கு லாபத்திலும் பங்கு உண்டு. தவணை முடிந்தபின் ஊர் திரும்புதல் வழக்கம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகிப் பின் ஏஜெண்டாக உயரும் படிகளை எல்லோரும் அறிந்திருந்தனர். வட்டி விகிதமும் ரகசியமன்று. கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஒரே கிட்டங்கியிற் பலருடைய பெட்டியடிகள் அமைந்திருந்தமையால், ஒருவர்க்குத் தெரிந்த செய்தி அடுத்தவர்க்கும் தெரிந்தது.

இக்காலத்துப் பிள்ளையோ தனியே விண்ணப்பம் செய்து, தனியே நேர்முகப் பரீட்சைக்கு உட்பட்டு, தனியே ஒப்பந்தத்திற் கையெழுத்திடுகிறான். நடப்புச் சம்பளம் இன்னதென்று எடுத்துச் சொல்ல அவனுக்குக் கிட்டங்கி இல்லை. அக்குறையை இச்சங்கம் ஓரளவேனும் நிறைவேற்றலாம் என்று கருதியே இவ்விஷயத்தை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவதாக அறிய வேண்டியது ஒன்று: பட்டம் வேறு, பதிவு வேறு. சம்பளம் பதிவைப் பொறுத்தது. நம் தேசத்திலேயே இவ்வித்தியாசம் உண்டு. 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலே மருத்துவ உளவியலாளரைப் பதிவு செய்கிறது. உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. தேறிய மாத்திரத்தில் ஒருவர் அப்பதிவுக்கு உரியவர் ஆகார். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டமும், கவுன்சில் அங்கீகரித்த கல்வித் தகுதியையோ, முதுகலைப் பட்டத்தின் மேல் நேரடிப் பயிற்சியோடு கூடிய இரண்டு வருஷ எம்.ஃபில். படிப்பையோ பெற்றவரையே மருத்துவ உளவியலாளர் என்கிறது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எச்.சி.பி.சி. என்னும் கவுன்சில் 2009-ம் வருஷம் முதல் உளவியலாளரைப் பதிவு செய்து வருகிறது. மருத்துவ உளவியலாளர், கல்வி உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் முதலிய பெயர்களைப் பதிவின்றி வைத்துக்கொள்ளல் குற்றம். ஆனால் "உளவியலாளர்" என்னும் வெறும் பெயருக்கு அக்காப்பு இல்லை. இங்கேதான் நம்மவர் ஏமாறக்கூடும். "சைக்காலஜிஸ்ட்" என்று கடிதத்திற் கண்டவுடன் பெற்றோர் மகிழ்கின்றனர். அப்பெயரின் முன் அடைமொழி உண்டா, பதிவு வேண்டப்பட்டதா என்று பார்ப்பதில்லை.

அதனால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியத் துறையாகிய என்.எச்.எஸ்.ஸில் சம்பளங்கள் படிப்படியாக வகுக்கப்பட்டுப் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. 2025-26-ம் வருஷ அட்டவணைப்படி, பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் சேரும் ஏழாம் படியின் ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 47,810 பவுண்டு. உதவி உளவியலாளர் பலர் சேரும் நான்காம் படியின் ஆரம்பச் சம்பளம் 27,485 பவுண்டு. ஒரே வருஷத்தில் 20,325 பவுண்டு வித்தியாசம்! வாடகையும் ரொட்டியும் ரயில் கட்டணமும் இருவருக்கும் ஒன்றுதான். 12,570 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு நூற்றுக்கு 20 வீதம் வரி தொடங்குகிறது. காப்பீடும் ஓய்வூதியச் சந்தாவும் அதற்கு மேல். எனவே பவுண்டை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மகிழ்வதற்கு முன், கைக்கு வருவது எவ்வளவு, அவ்வூரிற் செலவு எவ்வளவு என்று கழித்துப் பார்த்தல் முறை.

சம்பளத்தோடு மற்ற நிபந்தனைகளையும் பாருங்கள். அங்கே வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேர வேலை. சேர்ந்த வருஷத்திலேயே 27 நாள் விடுமுறையும், பொது விடுமுறை நாட்களும் உண்டு. ஆயின், வேலையின்பேரில் விசா பெற்றவர் அவ்வேலையை இழந்தால், வழக்கமாக 60 நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளவோ நாடு திரும்பவோ வேண்டும். 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாய் வந்த நம்மவர் கதைகளைக் கேட்டவர்கள், திரும்பும் வழிக்கும் கைப்பொருள் வைத்திருப்பதன் அவசியத்தை உணர்வார்கள்.

ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் என்னும் பெயரையே பதிவின்றி வைத்துக்கொள்ளலாகாது. 2010-ம் வருஷம் முதல் அத்தேசம் முழுமைக்கும் ஒரே பதிவு முறை நடைபெறுகிறது. நம்மவர் நெடுங்காலம் பழகிய மலேயா தேசத்திலும், 2016-ம் வருஷச் சட்டம் ஒன்று மருத்துவ உளவியலாளரைப் பதிவுக்கு உட்படுத்தியது. அமெரிக்காவிலோ ஒவ்வொரு ராஜ்யமும் தனித்தனியே லைசென்ஸ் வழங்குகிறது. உளவியலாளராகச் சுதந்திரமாய்த் தொழில் நடத்தப் பெரும்பாலும் டாக்டர் பட்டமே வேண்டப்படுகிறது. இங்கே கற்றது எங்கும் செல்லுபடியாகும் என்று எண்ணுதல் தகாது.

இனி அரபு நாடுகள். ஐக்கிய அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, அது உண்மையே. எனினும் சம்பளத் தொகை எவ்வாறு பிரித்து எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். 2021-ம் வருஷத் தொழிலாளர் சட்டப்படி, வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருஷங்களுக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமாகும். படிகள் அக்கணக்கிற் சேரா. உதாரணமாக, மாதம் 15,000 திர்ஹாம் என்று இருவருக்குச் சொல்லப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அதில் அடிப்படைச் சம்பளம் 10,000, மற்றவருக்கு 6,000. ஐந்து வருஷம் முடிந்து திரும்பும்போது முன்னவர் பெறுவது 35,000 திர்ஹாம். பின்னவர் பெறுவது 21,000. மாதந்தோறும் வாங்கியது ஒன்றாயினும், ஒரு வரி எழுத்தினால் 14,000 திர்ஹாம் போயிற்று. வட்டிக் கணக்கில் ஒரு தம்பிடி தவறவிடாத குலத்திற் பிறந்தவர்கள் இதைப் பாராமல் கையெழுத்திடலாமா? ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது.

நம் தேசத்து 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், ஆள்சேர்க்கும் ஏஜெண்டு அரசாங்கத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணமும் ரூ. 30,000-மும் அதன்மேல் வரியுமே என விதிக்கப்பட்டுள்ளது. லட்சக்கணக்கிற் கேட்பவரிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள்.

பெண்மக்களைத் தனியே அனுப்பலாமா என்று சில ஆச்சிமார் கேட்கின்றனர். இப்புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1925-ம் வருஷத்திலேயே உதவிச் சம்பளம் பெற்று லண்டன் சென்று உயர்தரப் பயிற்சி பெற்றார். அங்கே கற்ற வித்தையும் கண்ட அனுபவமும் பிற்காலத்தில் இந்நாட்டுக்கே பயன்பட்டன. நம் பெண்கள் செல்லலாம். தகுதியை முற்றுவித்துக்கொண்டு, எழுத்து மூலமான உறுதியுடன் செல்லட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பயிற்சிக் காலத்தில் எத்தனை மணி நேரம், எவ்வகை நோயாளருடன், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தீர்கள் என்பதைப் பேரேடுபோல் தேதிவாரியாக எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற்று வையுங்கள். அயல்நாட்டுக் கவுன்சில்கள் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் படிப்பும் பயிற்சியும் எத்தகையன என்று ஆராய்கின்றன. பல வருஷம் கழித்துக் கேட்டால் கல்லூரியில் அக்குறிப்புகள் கிடைப்பது அரிது. பதிவுக்கான விண்ணப்பத்தை இங்கிருந்தே செய்து, முடிவு தெரிந்தபின் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வருஷம் தாமதமாயினும் அது வீண்காலமன்று. 2017-ம் வருஷம் நம் புதுக்கோட்டையில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. மன நோயைப் பேயென்றும் பிணியென்றும் மறைக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. தமிழில் இதமாகப் பேசி அவர்களைத் தேற்ற வல்லவர்க்கு இங்கும் வேலை உண்டு; அவ்வனுபவம் அங்கும் உதவும்.

இறுதியாகச் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, அயல்நாட்டில் இத்தொழில் செய்யும் நம் உறுப்பினர், தம் பெயரை வெளியிடாமலே, தமது படி, அடிப்படைச் சம்பளம், வாடகை, விடுமுறை, பதிவுக்கு ஆன காலம், செலவு ஆகியவற்றை எழுதி அனுப்ப, வருஷந்தோறும் இச்சஞ்சிகையில் அதனைப் பிரசுரித்தல். நடப்பு வட்டியை நிர்ணயித்த சமூகம் நடப்புச் சம்பளத்தையும் அறிந்திருக்கட்டும். மற்றொன்று, பதிவுக் கட்டணத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் வசதியற்ற பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் தருதல். ஏஜெண்டுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.

இவ்விரண்டையும் காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டு, நம் முன்னோர்க்குக் கடல் கடந்த நாடுகளிலும் துணை நின்ற தண்டாயுதபாணியின் திருவருள் நம் பிள்ளைகளுக்கும் கிட்டுமாறு வேண்டுகின்றேன்.