முயல் செத்தால் வண்ணத்துப்பூச்சிக்கு என்ன?

இங்கிலாந்தில் 'லார்ஜ் புளூ' என்று ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. அதன் புழு இருக்கிறதே, பலே கில்லாடி. கொஞ்ச நாள் தைம் செடிப் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். ஒருவகைச் சிவப்பு எறும்பு, நம் வீட்டுக் குஞ்சு வழிதவறிவிட்டது போலிருக்கிறது என்று நம்பி, புற்றுக்குத் தூக்கிப் போகும். வாசனை, சத்தம் எல்லாவற்றிலும் அப்படியொரு நடிப்பு! உள்ளே போய்ப் பத்து மாதம்போல எறும்புக் குஞ்சுகளையே தின்று கொழுக்கும்.

1979-இல் இந்தப் பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. பூச்சி பிடிப்பவர்கள்தான் காரணம் என்று முன்பு வேலியெல்லாம் போட்டிருந்தார்கள். வேலி ஆடுமாடுகள் மேய்வதையும் தடுத்தது, அதுதான் வேடிக்கை.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஜெரமி தாமஸ். 1950-களில் ஒரு வைரஸ் நோய் முயல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மேய ஆளில்லை, புல் உயர்ந்தது. நிழலில் மண் குளிர்ந்தது. சூடான மண் வேண்டிய அந்த எறும்பு அருகியது. மற்ற எறும்புகளிடம் புழுவின் வேஷம் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

பிறகு மாடுகளை மேயவிட்டு, 1980-களில் ஸ்வீடனிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அங்கே மறுபடி பறக்கிறது.