பெயருக்கு முன் நிற்கும் எழுத்து

உங்கள் பெயருக்கு முன் நிற்கும் ஒற்றை எழுத்தைப் பற்றி நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? ஐரோப்பியர் குடும்பப் பெயரைப் பின்னே சுமக்கின்றனர். நாமோ தந்தை பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னே நிறுத்துகிறோம்.

அவர்களுடைய குடும்பப் பெயர்களும் ஒருநாளில் தோன்றியவை அல்ல. 1563இல் திரெந்துச் சங்கம், திருமணங்களைப் பங்குக் குருமார் ஏட்டில் பதியவேண்டுமென விதித்தது. போலந்துச் சிற்றூர் ஒன்றில் யான் என்ற பெயருடையோர் நால்வர் இருப்பின் குருவானவர் என் செய்வார்? கொல்லன் வழியினன் கோவால்ஸ்கி ஆனான். ஊருக்குப் புதியவன் நோவாக் ஆனான். அயலார் இட்ட அடையாளம் பேரப்பிள்ளைக்குச் சொத்தாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்ச்சுகீசியப் பெயர்களையும் ஏற்றனர். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவற்றைத் தாங்குவோர் பேசுவதோ தூய கடற்கரைத் தமிழ்!

மற்றைத் தமிழரிடம் பெயரின் பின்னே நின்றது பெரும்பாலும் சாதிப் பட்டமே. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனை விட்டொழிக்கத் தீர்மானித்தது. பலர் விட்டனர், தந்தையின் எழுத்து மட்டும் நின்றது. அதனால் ஒரு சங்கடமும் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை பெயரை எழுதிச் சென்ற என் மாணவர் ஒருவரை, அயல்நாட்டில் அவர் தந்தையின் பெயராலேயே அழைக்கின்றனர். ஆயினும் பழைய பட்டம் திரும்புவதைக் காட்டிலும் இச்சங்கடம் எவ்வளவோ மேல் என்பேன்.

நான் வாழும் கல்லாவியைச் சூழ்ந்த ஊத்தங்கரைப் பகுதி நடுகற்கள் மலிந்தது. இன்ன மன்னனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்பதே அக்கற்களின் வாசகப் போக்கு. மகன் என்று குறிப்பனவும் உண்டு. ஆக, யாருடையவன் என்று கூறாமல் வீரனையும் சுட்டவில்லை நம் முன்னோர்!

இங்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும். தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு ‘இண்டிபேரு’ என்னும் வீட்டுப்பெயர் உண்டு. பெண்கொடுக்கும்போது அதனைக் கேட்டறிவர். ஆனால் பள்ளிச் சேர்க்கை ஏட்டில் தந்தையின் முதலெழுத்தே ஏறுகிறது. வீட்டுப்பெயர் பாட்டிமாரின் நினைவில் தங்கிவிடுகிறது. அடுத்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் அதனைக் கேட்டு, எழுத்துப் பிழையின்றி எழுதி வையுங்கள்.